முருகன் சூடிய செங்காந்தள்: கிழங்கைத் தொடும் முன் படிங்க



செங்காந்தள் கிழங்கைப் பால்ல அரைச்சுக் குடிச்சா மூட்டு வலி போயிடும்னு ஒரு ஃபார்வர்டு வந்தது. மேல வேல் படம். டெஸ்ட் பண்ணாத கோடை ரிலீஸ் பண்ணக்கூடாதுன்னு ஆபீஸ்ல சண்டை போடறவன் நான். இதை மட்டும் யோசிக்காம ரெண்டு குரூப்புக்கு அனுப்பிட்டேன். மறுநாள் அம்மா ஊருக்குப் போன் போட்டு, "வேலியில இருக்குற அந்தக் கிழங்கைத் தோண்டிக் கொண்டு வாடா"ன்னு மாமாகிட்ட கேட்டாங்க.

"அக்கா, அது கண்வலிக்கிழங்கு. ஆளைக் கொன்னுடும்"னார் மாமா.

அன்னிக்கு ராத்திரிதான் உட்கார்ந்து படிச்சேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதல் பூ இதுதான். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடுவதும் காந்தள். அதில் வண்டு மொய்க்காது என்கிறார் நக்கீரர். இன்னிக்கு நம்ம மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் கூட. புதர்க்காட்டில் இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிச்சு மேலே ஏறும். விரியும்போது பச்சையும் மஞ்சளும், நாளாக ஆகச் சிவப்பு. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள். ஆறுமுகன்னு மனசு சேர்த்துக்குது (இது என் கணக்கு மட்டும்தான்). சூல்தண்டு மட்டும் பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிக்கும். அதனால விதைக்காகப் பயிரிடும் நம்ம விவசாயிகள் பூப்பூவா கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறாங்க.

அந்த விதையிலிருந்து எடுக்கிறது கால்ச்சிசின். கவுட் வலிக்கு டாக்டர் தர்ற மாத்திரையில இருக்கிற அதே பொருள். ஃபார்வர்டில் இருந்த பாதி உண்மை இதுதான். மாத்திரையில் 0.5 மில்லிகிராம், கிழங்கில் எவ்வளவுன்னு வீட்டில் அளக்க வழியே இல்லை. செல்கள் பிரியறதையே அது நிறுத்திடும். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஓரிரு நாளில் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை அடிபடும். பிழைச்சாலும் முடி கொட்டும். கிழங்கு மட்டுமில்லை, செடி முழுக்க விஷம். யாராவது சாப்பிட்டுட்டா வாந்தி வருதான்னு பார்த்துட்டு இருக்காதீங்க. மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பூவை முருகனுக்குச் சாத்தினா கையைக் கழுவிடுங்க. குழந்தைங்களுக்கு எட்டற இடத்தில் வேண்டாம், பிரசாதத் தட்டிலும் வேண்டாம்.

அம்மாவை எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ரெண்டு குரூப்லயும் "தப்பா அனுப்பிட்டேன், யாரும் செய்யாதீங்க"ன்னு போட்டுட்டேன். அங்கிருந்து அது எங்கெல்லாம் போச்சோ தெரியல. உங்க குரூப்ல வந்தா, இந்தப் பதிவை அதுக்குக் கீழேயே ரிப்ளையா போடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!