நிலம் வாங்குமுன் வண்டிப்பாதையைப் பாருங்கள்

நிலம் வாங்குவோர் மண்ணையும் கிணற்றையும் பார்க்கின்றனர். வண்டி வரும் வழியைப் பார்ப்பதில்லை. பாதை இல்லாவிட்டால் எரு அடிப்பதும் விளைச்சலைக் கொண்டுவருவதும் பக்கத்து நிலத்துக்காரர் தயவில்தான்.

1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையுடன் சென்றுவந்தால் வழிநடைப் பாத்தியம் ஏற்படும். அனுமதி கேட்டுச் சென்ற வழிக்கு, எத்தனை ஆண்டானாலும், இது பொருந்தாது. பலர் ஏமாறுவது இங்கேதான். விற்பவர் பத்திரத்தில் பாதை எழுதித் தந்தாலும் பக்கத்துக்காரரை அது கட்டுப்படுத்தாது. வழக்கப் பாதை வில்லங்கச் சான்றிலும் தெரியாது.

எனவே முன்பணம் கொடுக்குமுன் புலப்பட நகலுடன் வயலைச் சுற்றி நடந்து, பக்கத்துக்காரரையே விசாரிக்க வேண்டும். அனுமதிப் பாதை என்றால், அகலம் குறித்து அவரிடம் தனிப்பத்திரம் பெற்றுப் பதிவு செய்துகொள்வது நல்லது. வாங்கும் நிலத்தின் வழியே பிறருக்குப் பாத்தியம் உண்டா என்றும் கேட்டறிக. இருந்தால், புதிதாக வாங்கியவர் அதை அடைக்க முடியாது.