தட்டைப் பாதம் என்று சொன்னார்களா?

அன்புள்ள அம்மையார்குப்பம் வாசகருக்கு,

காவலர் தேர்வின் 1500 மீட்டருக்காக ஓடத் தொடங்கியவர், தேர்வு முடிந்த பிறகும் விடாமல் ஆர்.கே.பேட்டை சாலையில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் கடையில் உங்கள் காலைப் பார்த்ததுமே “தட்டைப் பாதம், உள்பக்கம் தாங்கிப் பிடிக்கிற ஷூதான் போடணும்” என்று சொல்லி, பாதி மாதச் சம்பளத்தை விலையாகக் கேட்டார்கள் என்றீர்களே, அதைத்தான் பேச வேண்டும்.

முதலில் பயத்தை விடுங்கள். 2009, 2010-இல் அமெரிக்க ராணுவத்தின் பிரிவுகளில் நடந்த ஆய்வுகள் வெளியாயின. புதிதாகச் சேர்ந்த வீரர்களில் ஒரு சாராருக்குப் பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூவும், மற்றவர்களுக்கு எல்லாருக்கும் ஒரே வகை ஷூவும் கொடுத்தார்கள். காயங்களில் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. நம் நாட்டிலும் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் காலடித் தடத்தை ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். காலணி போட்ட குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலியே இல்லாத பாதத்துக்கு வைத்தியம் எதற்கு?

அதற்காக வெறுங்காலோடு ஓடச் சொல்லவில்லை. நம் மாரத்தான் வீரர் சிவ்நாத் சிங் பெரும்பாலும் அப்படித்தான் ஓடினார். 1978-இல் ஜலந்தரில் அவர் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்தது பல பத்தாண்டுகள் இந்தியச் சாதனையாக நின்றது. ஆனால் உங்கள் சாலையில் ஜல்லியும் கண்ணாடிச் சில்லும் கிடக்குமே.

நீங்கள் பார்க்க வேண்டியது அகலம். தறிக்குழியில் வெறுங்காலால் மிதித்து வளர்ந்தவர் நீங்கள். முன்பாதம் அகன்று, விரல்கள் விரிந்துதான் இருக்கும். பல ஷூக்கள் குறுகலாகவே வருகின்றன. ஆகவே தள்ளுபடியைப் பார்த்துப் போனில் ஆர்டர் போடாதீர்கள். திருத்தணியில் கிடைக்காவிட்டால் சென்னைக்கே ரயில் ஏறுங்கள். நாள் முழுக்க நின்று கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் வழுக்கக் கூடாது. கடைக்கு வெளியே கொஞ்சம் ஓடிப் பாருங்கள். எங்கேயாவது உறுத்தினால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். “போடப் போடச் சரியாகிவிடும்” என்பதை நம்பாதீர்கள். கார்பன் தகடு வைத்த போட்டி ஷூ இப்போது வேண்டாம். போன வருட மாடல் விலை குறைந்து கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

பழைய ஷூவையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். லக்சம்பர்கில் 264 பேரை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. புதியதன் குதிகால் உயரம் வேறாக இருந்தால் கெண்டைக்கால் இழுக்கும். முதல் வாரங்களில் அதைச் சிறிய ஓட்டங்களுக்கு மட்டும் போடுங்கள், அந்த வாரங்களில் தூரத்தையும் கூட்ட வேண்டாம். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதியின் மெத்தை செத்துவிடும். மேல்துணி புதிதாகவே தெரிவதால் அது கண்ணுக்குத் தெரியாது. ஓடும் தூரத்தை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்