பூச்சு ஏன் உரிகிறது?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கம்பியை ஊசிக்குள் ஏழாவது முறை இழுத்ததுமே பூச்சு செதில் செதிலாக உரிந்திருக்கிறது. இன்னும் தடிப்பாகப் பூசிப் பார்க்கிறேன் என்கிறாய். வேண்டாம். கோளாறு பூச்சில் இல்லை, கம்பியில்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாவ்லிஷின் குழு 1990-இல் இந்தத் திண்மநிலை நுண்பிரித்தெடுப்பை, அதாவது பூச்சிட்ட இழையில் மூலக்கூறுகளை ஏற்றி எடுக்கும் முறையை, வெளியிட்டபோது இழை சிலிக்காவால் ஆனது. கொஞ்சம் வளைந்தாலே ஒடிந்துவிடும். அதனால்தான் உலோகத்துக்கு வந்தோம். ஆனால் சிலிக்காவின் மேலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் பூச்சைப் பிணைத்துப் பிடித்துக்கொள்ளும். பளபளக்கும் எவர்சில்வர் கம்பியில் அந்தப் பிடிமானம் குறைவு. போதாததற்கு, வாயு நிறப்பிரிகைக் கருவியின் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலோகம் ஓர் அளவும் பூச்சு வேறோர் அளவும் விரியும்.

ஆகவே முதலில் கம்பியைச் சொரசொரப்பாக்க வேண்டும். அதை அசிட்டோனில் அலசி, நுனியில் ஒரு சென்டிமீட்டரை மட்டும் அமிலத்தில் வை. ஆய்வுக் கட்டுரைகளில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் என்றிருக்கும். நீ அதன் பக்கமே போகாதே. நீர்த்ததாக இருந்தால் தோலில் பட்டதும் வலிக்காது, வலிக்கும்போது ஆழமாக இறங்கியிருக்கும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும், அதையும் புகைப்போக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கையாள். பளபளப்பு போய்க் கம்பி மங்கிச் சாம்பல் நிறமானதும் எடுத்துக் கழுவு. பிறகு தண்ணீரில் தோய்த்துத் தூக்கிப் பார். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் ஆகவில்லை. மெல்லிய படலமாகப் பரவினால் கம்பி தயார்.

அதன்மேல் பூச்சைப் பிடித்துக்கொள்ள டோபமைன் படலம். பாறையில் மட்டி ஒட்டும் விதத்தைப் பார்த்து 2007-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் சொன்ன வழி இது. மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம், பி.எச். 8.5. பாத்திரத்தை இறுக மூடாதே, ஆக்சிஜன் வேண்டும். கரைசல் பழுப்பாகிக் கறுக்கும். கறுக்கவில்லையென்றால் முதலில் பி.எச்.சைப் பார்.

இனிதான் உன் சோல்-ஜெல் பூச்சு. மெல்லிசாகத் தோய்த்து, நிதானமாக இழுத்து, காயவிட்டு, மறுபடி தோய்த்து எடு. ஒரே தடவையில் அப்பினால் கரைப்பான் வெளியேறும்போது சுருங்கி வெடித்துவிடும். தடிப்பு இருமடங்கானால் மூலக்கூறுகள் உள்ளே பரவிச் சமநிலை அடையக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பதும் நினைவிருக்கட்டும். கடைசியில் ஹீலியம் ஓட்டத்தில் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, மாதிரி இல்லாத வெற்று ஓட்டம் சுத்தமாக வரும்வரை பதப்படுத்து.

ஒரே டொலுயீன் கரைசலை முதல் முறையும் ஐம்பதாவது முறையும் ஓட்டி, உச்சிகளின் பரப்பை ஒப்பிட்டு எழுது. அதற்கு முன், அமிலத்திலிருந்து எடுத்த கம்பியில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்