இளநீர் கொஞ்சம் பொறுக்கட்டும்

அன்புக் கண்ணம்மா,

அப்பாவுக்குத் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று நீ போனில் சொன்ன பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. அதே மூச்சில், “இளநீர் கேக்கிறார் அத்தை, கொடுக்கட்டுமா?” என்றாய். வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன்.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே இருக்காது. கொக்கிலமேட்டு வீட்டில் பாயில் படுத்திருந்தவருக்கு, விடிகாலையில் இமை சரிந்து, எச்சில் இறங்காமல் போனபோதுதானே தெரிந்தது? நமக்குப் பக்கத்து வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து முறிமருந்து தயாராகிறது. ஆனால் அந்த மருந்து ரத்தத்தில் ஓடும் நஞ்சைத்தான் பிடிக்கும். கெட்டுப்போன நரம்பு முனைகள் தாமாகத்தான் துளிர்க்க வேண்டும். அதுவரை வென்டிலேட்டர்.

அந்தக் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே நாள்கணக்கில் நின்றது. வீக்கம், மரப்பு எல்லாம் இருக்கும். நாம் விழுங்கும்போது குரல்வளை மேலேறி, மூச்சுவழி மூடித் திறப்பது ஒரு நொடி வேலை. அந்த ஒழுங்கு இப்போது அவரிடம் இல்லை. நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். புரையேறுவது நல்லது, தொண்டை விழித்திருக்கிறது. மரத்த தொண்டையில் இருமலே வராமல் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். நிமோனியாவாகத்தான் வெளியே தெரியும். அதனால் விழுங்கிப் பார்க்கும் பரிசோதனை முடியாமல் ஒரு சொட்டும் கூடாது. அனுமதித்த பிறகும், ஒவ்வொரு வாய்க்கும் “ஆ” சொல்லச் சொல். குரல் கொப்பளிக்கிற மாதிரி கேட்டால் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடு.

இளநீர், மோர், ரசம் எல்லாம் ஓட்டமாக ஓடும். தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விழுங்கல் சிகிச்சையாளர் சொல்வார். அவர் தரும் 10 மில்லி சிரிஞ்சை நிரப்பிப் பத்து நொடி ஒழுகவிட்டால், இரண்டாம் நிலைத் தடிமன் உள்ள திரவம் 4 முதல் 8 மில்லி வரை மிச்சம் நிற்கும். கேழ்வரகுக் கஞ்சி ஆற ஆற இறுகும், அதனால் குடிக்கிற சூட்டிலேயே சோதி. எச்சில் பட்ட கரண்டியைக் கிண்ணத்தில் விட்டு வைத்தால் நீர்த்துவிடும். எச்சிலுக்கு மாவைக் கரைக்கும் குணம் உண்டு.

ஆயா பால்சுறா புட்டோடு கிளம்பியிருப்பாள். முள் இல்லை என்று வாதிடுவாள். உண்மைதான், ஆனால் உதிரி தொண்டையில் சிதறும். கெட்டிக் குழம்போடு மிக்ஸியில் மையாக அரைத்தால், சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லட்டும். ஐசியூவில் கிடந்தவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோவுக்கு 72 கிராமாவது ஆகிறது. முட்டையில் இருப்பது 6. ஸ்பூனால் எட்டாத கணக்கு இது. அதனால் உணவு செல்லும் மூக்குக் குழாயை எப்போது எடுப்பீர்கள் என்று டாக்டரை நச்சரிக்காதே.

சாப்பிடும்போது நேராக உட்காரட்டும், சாப்பிட்ட பிறகு அரை மணி படுக்க வேண்டாம், வாயைச் சுத்தமாக வை.

முக்கியமானதை விட்டேனே. உங்கப்பா சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பவர். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுவழி வாய் திறந்து நிற்கும். அந்தச் சொம்பை வீட்டுக்கு எடுத்துப் போ. இளநீருக்கு அனுமதி கிடைக்கிற அன்று நானே வெட்டிக் கொண்டு வருகிறேன். டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கட்டும்.

அன்புடன்,
அத்தை