புருவம் தீட்டும் முன்: தோல் தெரிந்த ஊருக்குச் சில வார்த்தைகள்

அழகு நிலையங்களின் விலைப் பட்டியலில் திரெட்டிங், ஃபேஷியல், பிளீச்சிங் என்ற வரிசையில் இப்போது மைக்ரோபிளேடிங்கும் இடம்பிடித்துவிட்டது. அந்த வரிசைதான் முதல் சிக்கல் என்பது என் எண்ணம். திரெட்டிங்கில் நூல் மயிரைப் பிடுங்குகிறது. தோலுக்குள் எதுவும் போவதில்லை. மைக்ரோபிளேடிங்கிலோ, நுண்ணிய ஊசிகளை வரிசையாகப் பதித்த ஒரு கைக்கருவியால் புருவ மேட்டில் மயிரிழை போலக் கீறி, அந்தக் கீறலுக்குள் நிறமியை இறக்குகிறார்கள். கீறுவதற்கு முன் மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவுகிறார்கள். கீறும்போது சிறிது ரத்தம் கசியலாம். முடிந்தபின் நீர் வடியும், பொருக்கு கட்டும், உதிரும். இத்தனையும் ஒரு காயத்துக்கு உரியவை. ஆகவே இதை ஒப்பனைக் கணக்கில் எழுதாமல் சிறு அறுவைக் கணக்கில் எழுத வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், செய்வதற்கு முன் எதைக் கேட்பது, செய்தபின் எதை எதிர்பார்ப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புருவம் வேண்டும் என்று ஆசைப்படுவதை வீண் பகட்டு என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மண்ணே அதற்குச் சாட்சி. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கியதற்காக உலகப் புகழ் பெற்றார். அவரும் அவருடைய குழுவினரும் கைகளோடு நின்றுவிடவில்லை. நோய் குணமான பிறகும், உதிர்ந்துபோன புருவமே ஒருவரை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. வேலையும் உறவும் கிடைக்காமல் செய்தது. அதனால் மயிர் உள்ள தலைத்தோலின் சிறு பகுதியை, ரத்த ஓட்டம் அறாமல் நெற்றித் தோலுக்கு அடியில் கொண்டுவந்து புருவத்தின் இடத்தில் பொருத்தினார்கள். அந்தப் புருவம் தலைமயிர் போலவே நீண்டு வளரும். அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். ஒரு முகம் மனிதர்களிடையே தலைநிமிர்ந்து நடக்கப் புருவம் எவ்வளவு தேவை என்பதை வேலூர் அப்போதே அறிந்திருந்தது. புற்றுநோய் மருந்தால் மயிர் கொட்டியவர்களுக்கும், விபத்துத் தழும்பால் பாதிப் புருவம் இழந்தவர்களுக்கும் மைக்ரோபிளேடிங் உண்மையிலேயே உதவக்கூடும். ஆனால் அந்த மருத்துவர்கள் புருவத்தை அறுவை அரங்கில் வைத்து, அறுவைக்குரிய கவனத்தோடு தொட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கீறல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. டேனரியில் தோலை ஊறவைத்துச் சுண்ணாம்பு இடும்போது மயிரும் மேல்தோலும் கழன்றுவிடுகின்றன. அடியில் ஒட்டியுள்ள சதையைச் சீவி எறிகிறார்கள். நடுவில் மிஞ்சும் நார்ப் பின்னலே லெதர் ஆகிறது; டிரம்மில் சுழலும்போது சாயம் பிடித்துக்கொள்வதும் அந்தப் பின்னலில்தான். உயிருள்ள மனிதத் தோலிலும் இதே அடுக்குகள் உண்டு. மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், அங்கே நின்றுவிட்ட நிறம் பொருக்கோடு போய்விடும். அதற்குக் கீழே, நார்ப் பின்னலின் மேல்விளிம்பைத் தொட்ட நிறமே தங்கும். இன்னும் ஆழமாகப் போனால் கோடுகள் கலங்கும், நிறம் நீலம் பாரிக்கும், தழும்பு விழும். நம் பாட்டிமார் கைகளில் கருப்பு மையால் குத்திய பச்சை, பச்சையாகத் தெரிவதற்கும் காரணம் இந்த ஆழமே. எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளிக்குள் நடக்கிற வேலை. டேனரித் தோலுக்கு உயிர் இல்லை, சாயத்தை எதிர்க்காது. முகத்தின் தோலோ நிறமியை அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதன் காவல் அணுக்கள் நிறமித் துகள்களை விழுங்கும், சிலருக்குச் சண்டையும் போடும். முன்னெச்சரிக்கை, பின்கவனிப்பு அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

அதனால் நிலையத்தின் படியேறும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வடிவம், எந்த நிறம் என்பதல்ல. என் புருவம் ஏன் குறைந்தது என்பது. தைராய்டு சுரப்பு குறைந்தால் புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலியும். புழுவெட்டு வந்தால் வட்டமாகக் கொட்டும். இரும்புச்சத்துக் குறைவிலும் மயிர் உதிரும். தொழுநோயிலும் புருவம் பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்தே உதிரத் தொடங்குகிறது. 2005ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றிவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் நாட்டில் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகிறார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகும் நோய் அது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். தொழுநோய்க்கென்றே 1955இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் இருக்கிறது. உணர்ச்சியற்ற தேமலோடு புருவம் உதிர்ந்த ஒருவர் அதன்மேல் நிறம் தீட்டிக்கொண்டால், உடல் சொன்ன செய்தியை அவரே அழித்துவிட்டவர் ஆகிறார். காரணம் தெரியாமல் உதிரும் புருவத்தை முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, யாருக்கு இது ஆகாது என்பது. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் கூடாது, கீறிக்கொள்ளவும் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள் மருந்தை நிறுத்திய பிறகும் பல மாதம் பொறுக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு மேடிட்டு வளர்ந்தவர்களுக்குப் புருவத்திலும் அப்படியே வளரக்கூடும். கருநிறத் தோலில் இந்த வாய்ப்பு கூடுதல். சோரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் கீறிய இடத்திலேயே புதிதாக அந்நோய் தோன்றலாம். எண்ணெய் வடியும் முகத்தில் மயிரிழைக் கோடுகள் சீக்கிரம் மங்கிக் கலங்கும்.

தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதிக்கு என்று தனியாக ஒன்று உண்டு. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்களில் சிலருக்குக் குரோமியம் ஒவ்வாமை வந்து, கையில் அரிப்பும் கரப்பானும் இருக்கும். சிமென்ட் வேலை செய்கிறவர்களுக்கும் இது வரும். புருவ நிறமிகளில் பலவும் இரும்பு ஆக்சைடுகள். அவற்றில் நிக்கலும் குரோமியமும் சிறு அளவில் கலந்திருக்கக்கூடும். கையில் கரப்பான் வந்து போகும் ஒருவர் அதைச் சொல்லாமல் புருவத்தை நீட்டுவது ஆபத்து. காதுக்குப் பின்னால் சிறிதளவு நிறமியை இட்டு இரண்டு மூன்று நாளாவது பார்க்க வேண்டும். இத்தகைய ஒவ்வாமை உடனே தெரியாது, பெரும்பாலும் 48 மணி நேர அளவிலேயே வெளிப்படும். வந்த அன்றே சோதித்து அன்றே செய்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் சோதனையைச் சடங்காக்குகிறார்கள். இந்தச் சோதனையும் முழு உத்தரவாதம் ஆகாது. சிலருக்குப் பல மாதம் கழித்தும் சிறு கட்டிகள் எழும்பியிருக்கின்றன.

இத்தனையையும் வாடிக்கையாளரே அறிந்திருக்க வேண்டுமா என்று கேட்பது நியாயம். இங்கேதான் இந்த ஊர் நாட்டுக்குத் தந்த ஒரு சட்டக் கோட்பாடு நினைவுக்கு வருகிறது. பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் சுமை, செயலைச் செய்பவருடையது என்பது அதன் உயிர்நாடி. அது சுற்றுச்சூழலுக்குச் சொன்னது. அழகு நிலையத்துக்குச் சட்டப்படி பொருந்தாது. ஆனால் ஆற்றுக்கு ஏற்ற நியாயத்தை நம் முகத்துக்கும் நாம் கேட்டுப் பெறலாம். நம் நாட்டில் புருவம் கீறுவதற்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நாள் பயிற்சியின் சான்றிதழும் சுவரில் தொங்கலாம். ஆகவே காட்ட வேண்டியவர் அவர். ஊசி உறையை நம் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். நிறமிப் புட்டியில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் தெரிய வேண்டும். செய்த அன்று எடுத்த படத்தைவிட, ஓராண்டு கழித்து எடுத்த படத்தை, நம் நிறத் தோலில் காட்ட வேண்டும். பயன்படுத்திய நிறமியின் பெயரை எழுதிய ரசீது தர வேண்டும். பின்னால் மருத்துவருக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் அந்தத் தாள்தான் பேசும். இவற்றுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் உட்காராதீர்கள்.

செய்தபின் வரும் நாட்களும் காயத்தின் கணக்கிலேயே நடக்கும். முதல் மூன்று நாள் புருவம் அளவுக்கு மீறிக் கருத்துத் தடித்துத் தெரியும். நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அரிக்கும், பொருக்கு உதிரும். பிய்த்தால் நிறம் அதோடு வந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் போய்விட்டதோ என்று கலங்கும் அளவுக்கு வெளுக்கும். புதுத்தோல் தெளிந்த பிறகு, நான்காம் வார அளவில் நிறம் மெல்லத் திரும்பும். விட்டுப்போன இடங்களை நிரப்ப ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ஒருமுறை போக வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு செய்துகொள்ளும் மணமகள், பொருக்கு உதிரும் புருவத்தோடு மணவறையில் உட்கார நேரும். இரண்டு மூன்று மாதம் முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. வேலூர் வெயில் தனிக் கவலை. வியர்வை உப்பு ஆறாத கீறலைக் கெடுக்கும். ஆறிய பிறகும் வெயில் நிறத்தைத் தின்னும். அக்னி நட்சத்திரத்தில் செய்யாதீர்கள். ஷூ கம்பெனியில் பஃபிங் தூசியில் நிற்பவர்கள் பத்து நாளாவது அந்தப் பிரிவிலிருந்து விலகியிருக்க முடியுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம். மஞ்சளும் குங்குமமும் திருநீறும் கீறலில் படக்கூடாது. ஹெல்மெட்டும் முக்காடும் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐவேளைத் தொழுகைக்கு ஒளு செய்பவர்கள் முகத்தை நனைக்காமல் நாட்களைக் கடத்த முடியாது. இதுவும் ஒருவகைப் பச்சை குத்தலே; பச்சை குத்துவதையே மார்க்கம் விலக்கியதாகச் சொல்லும் ஆலிம்கள் பலர். அந்தக் கேள்வியை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டும். நாளுக்கு நாள் வலி கூடினாலோ, சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ நிலையத்துக்குப் போன் செய்து காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. ஒன்றிரண்டு ஆண்டில் மறைந்துவிடும் தற்காலிக நிறத்துக்கு இவ்வளவு கவலையா என்பார்கள். மங்குவது உண்மை; முழுதாக மறைவது உறுதியில்லை. பழுப்பு என்பது பல நிறமிகளின் கலவை. ஒன்று முன்னும் ஒன்று பின்னும் மங்கும்போது புருவம் செம்மையாகவோ சாம்பலாகவோ மாறி நிற்கும். லேசரால் எடுத்துவிடலாம் என்றால், இரும்பு ஆக்சைடு லேசர் பட்டுக் கருப்பாகவே மாறக்கூடும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிலருக்கு அந்த இடத்தில் எரிச்சல் வருவதால் அங்கேயும் சொல்ல வேண்டும். நம் நாட்டு விதிப்படி பச்சை குத்தியவர் 12 மாதம் ரத்த தானம் செய்ய இயலாது. இத்தனை பின்தொடர்ச்சி உள்ள ஒன்றைத் தற்காலிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேர் ஒன்றும் ஆகாமல் செய்துகொள்கிறார்களே என்பது அடுத்த வாதம். அதுவும் உண்மை, பெரும்பாலோருக்கு நன்றாகவே ஆறுகிறது. அது கவனத்தோடு செய்ததன் பலன். கவனம் தேவையில்லை என்பதற்கான ஆதாரம் ஆகாது. மூன்றாவது வாதம் கனமானது. தினக்கூலிக்காரப் பெண் ஒருத்தி தோல் மருத்துவருக்கும் சோதனைக்கும் விடுப்புக்கும் எங்கே போவாள், வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அழகா என்று கேட்பார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் கெட்டுப்போன புருவத்துக்குச் செலவழிக்க அவளிடம்தான் எல்லோரையும்விடக் குறைவாக இருக்கிறது. மலிவாகக் கீறும் இடம் அவளுக்குச் செய்வது உபகாரம் ஆகாது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டக் காசு வேண்டாம். புருவப் பென்சிலுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது, தவறினால் கழுவிவிடலாம்.

அதனால் என் வேண்டுகோள் சிறியது. மைக்ரோபிளேடிங் செய்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள். பிறகு நிலையத்தில் ஆதாரம் கேளுங்கள். காதுக்குப் பின்னால் சோதித்து மூன்று நாள் பொறுங்கள். கல்யாணத்துக்கும் கத்திரி வெயிலுக்கும் தள்ளி நாள் குறியுங்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்று செய்துகொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.