அந்த 3 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள இளம் கணித ஆசிரியருக்கு,

பிளஸ் ஒன் வகுப்பில் சங்கிலி விதியை நடத்தப் போகிறீர்கள். சைன் 3எக்ஸை வகையிட்டால் 3 காஸ் 3எக்ஸ் என்று கரும்பலகையில் எழுதியதும், "அந்த 3 எங்கிருந்து வந்தது, சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "உள்ளே இருப்பதையும் வகையிட்டுப் பெருக்கணும், அதுதான் விதி" என்று கடந்துவிடாதீர்கள். எக்ஸ் ஓர் அடி நகர்ந்தால் 3எக்ஸ் மூன்று அடி நகர்கிறது. சைன் அந்த வேகத்தில்தான் ஏறி இறங்குகிறது. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து, எக்ஸுக்கு 0.01 கொடுக்கச் சொல்லுங்கள். சைன் 0.03 என்பது 0.0299955. எக்ஸ் நகர்ந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இது நிரூபணம் ஆகாது என்பீர்கள். ஆகாதுதான். ஆனால் எதை நிரூபிக்கப் போகிறோம் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் நிரூபணம் பிடிபடும்.

பாடம் முடிக்கவே நேரமில்லை, சூத்திரத்தை மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் வந்துவிடும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் மனப்பாடம் எங்கே கைவிடுகிறது என்று பாருங்கள். சைன் ஸ்கொயர் எக்ஸ், சைன் எக்ஸ் ஸ்கொயர் இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். முன்னதில் சைன் கண்டுபிடித்த பிறகு வர்க்கம். பின்னதில் வர்க்கம் எடுத்த பிறகு சைன். மதிப்பைக் கணக்கிடும்போது கடைசியாகச் செய்யும் வேலையைத்தான் முதலில் வகையிட வேண்டும். அதனால் முன்னதற்கு 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ், பின்னதற்கு 2எக்ஸ் காஸ் எக்ஸ் ஸ்கொயர். இந்த வரிசை புரியாத பிள்ளை, பட்டியலில் இல்லாத முதல் கணக்கிலேயே தடுமாறும்.

பத்தாம் வகுப்பு வரை பாகையில் பழகியவர்களை எதற்காக ரேடியனுக்கு மாற்றினோம் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பாகையில் அளந்தால் கோணத்துக்குள் பை வகுத்தல் 180, அதாவது சுமார் 0.01745, ஒளிந்திருக்கும், வகையிடும் ஒவ்வொரு முறையும் அது வெளியே வந்து பெருக்கும். ரேடியனில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரேடியனிலும் உள்ளிருப்பதை மறக்க முடியாது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதன் சைனுக்குள் இருப்பது 100 பை பெருக்கல் நேரம். ஒரு கம்பிச்சுருளின் மின்னழுத்தம், மின்னோட்டம் மாறும் வீதத்தைப் பொறுத்தது. உள்ளிருப்பதை வகையிட மறந்தால் விடை ஏறத்தாழ 314 மடங்கு குறைந்துவிடும். நாளைக்குப் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு இது ஒரு மதிப்பெண்ணோடு போகிற பிழை அல்ல.

ஆகவே, விதியை எழுதும் முன் அந்த சைன் 0.03-ஐ மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுங்கள்.