பாட்டும் ஆங்கிலமும்

அல்சூரில் மாலைதோறும் தமிழ்ச் சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வாய் திறக்கவே கூசிய ஒரு சிறுமி, பாட்டு என்றதும் முந்திக்கொண்டு பாடினாள். காரணம் யாது?

தமிழில் மாத்திரைக் கணக்கு. ஆங்கிலத்திலோ அழுத்தக் கணக்கு. 'போட்டோகிராப்' என்னுங்கால் முதலசை ஓங்கும். 'போட்டோகிராபர்' என்றால் இரண்டாமசை ஓங்கி முதலசை மெலியும். நண்பர்களே, சொல்லிப் பாருங்கள்! இதை விதியாகச் சொன்னால் குழந்தைக்கு ஏறாது, தாளத்தில் ஏறும்.

ஆனால் மெட்டு மெலிந்த அசையையும் நீட்டிவிடும். (ஆங்கில மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் வடமொழிச் சாகித்தியம் இயற்றினாரே, அது வேறு கலை.) ஆகவே பாடியபின், மெட்டை விட்டுத் தாளத்தோடு பேசச் சொல்கிறேன். கரோலின் கிரகாம் 1978-இல் வெளியிட்ட 'ஜாஸ் சாண்ட்ஸ்' நூலின் வழியும் இதுவே.

மெட்டு நின்றதும் அச்சிறுமி மீண்டும் தயங்கினாள். இப்போது கைதட்டியபடி பேசுகிறாள். தட்டாமல் பேசும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.